பொரியின் கழுத்துக் காயம்

அருணாதேவி இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுடைய மனுக்களை வாங்கி நம்பர் போட்டவள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் அவள் மேஜைக்கு முன்னால்தான் வரிசை ஆரம்பிக்கும். பட்டா கிடைக்காதவர், பாதையை அடைத்துவிட்ட பங்காளி மேல் கொதித்துப்போய் வந்தவர், பென்ஷன் நின்றுபோன கிழவர் என்று எல்லோரிடமும், "தேதி போட்டீங்களா, கையெழுத்து போட்டீங்களா, யார் மேல புகார்னு தெளிவா எழுதியிருக்கீங்களா" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் பழகிவிட்டது. ஆனால் அத்தனை வருஷத்தில் தன் பெயரில் ஒரு மனுகூட அவள் எழுதியதில்லை. முதன்முதலாக எழுதியது ஒரு நாய்க்காக. அதில் யார் மேல் புகார் என்று தெளிவாகத்தான் எழுதினாள். வினையே அங்கேதான் வந்தது.

நாயின் பெயர் பொரி. போன வருஷம் கார்த்திகை தீபத்தன்று, தெருவே மொட்டை மாடியில் ஏறி மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, தூறலில் நனைந்தபடி அவளுடைய ஸ்கூட்டிக்கு அடியில் வந்து ஒடுங்கிய குட்டி அது. வீட்டில் அன்றைக்கு இருந்தது பொரியும் வெல்லமும்தான். பாலில் பொரியை நனைத்து வைத்தாள். தட்டையும் சேர்த்துத் தின்றுவிடும் போலத் தின்றது. அதனால் பொரி என்றே கூப்பிட்டாள்.

தெருநாய்க்கு இல்லாத சடை ரோமம் அதற்கு. "ஆசிரமத்துப் பக்கம் எவனோ வெள்ளைக்காரன் வளர்த்த நாயோட வாரிசு" என்பார் அவள் கணவர் சகாதேவன். அவர் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வெள்ளைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். நாயை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. ஆகவே பொரிக்குச் சாப்பாடு அருணாதேவி வீட்டில், தூக்கம் எதிர் வீட்டுக் காருக்கு அடியில், குரைப்பு மட்டும் சிவசக்தி நகர் முழுமைக்கும் பொது.

ஆடி பிறந்த சமயத்தில் அந்தக் குரைப்பு குறைந்தது. காஸ் சிலிண்டர்காரன் வந்தால் தெருக்கோடி வரை துரத்திக்கொண்டு போகும் நாய், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வெயில் ஜாஸ்தி என்று நினைத்தாள். சோற்றைப் பாதியில் விட்டபோது, வேறு யார் வீட்டிலோ நன்றாகப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று லேசாகக் கோபப்பட்டாள். தண்ணீர் குடிக்கும்போது கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியதையும் பார்த்தாள். பார்த்தாள் என்பதோடு சரி. ஆபீசுக்கு ஒன்பதே முக்காலுக்குள் போய்ச் சேர வேண்டியவளுக்கு நாய் எப்படி விழுங்குகிறது என்று நின்று யோசிக்க நேரமா இருக்கிறது?

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலை, சோற்றை வைத்துவிட்டுக் குனிந்தவளுக்கு நாற்றம் அடித்தது. செத்த எலி கிடக்கிறதோ என்று செடித் தொட்டிகளுக்குப் பின்னாலெல்லாம் தேடினாள். பொரி நகர்ந்தபோது நாற்றமும் நகர்ந்தது. கழுத்து ரோமம் பிசுபிசுத்துக் கற்றையாக ஒட்டியிருந்தது, அதன் மேல் ஈ. ஒரு குச்சியால் ரோமத்தை விலக்கினாள். கழுத்தைச் சுற்றி ஒரே கோடாக, கத்தியால் வளைத்து அறுத்த மாதிரி காயம். உள்ளே வெள்ளையாக என்னவோ நெளிந்தது. குச்சியைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பொரி வாலை ஆட்டிவிட்டு ஓடிவிட்டது.

"எவனோ கழுத்தை அறுத்திருக்கான்" என்று சகாதேவனிடம் போய்ச் சொன்னாள். எவன் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தெருமுனையில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தான் குமரேசன். நாற்பது வயதிருக்கும். மரக்கட்டை மேல் கத்தி விழும் சத்தம் காலை ஆறு மணிக்கே ஆரம்பிக்கும். கடைக்கு முன்னால் எப்போதும் நாலைந்து நாய்கள் நிற்கும். "போறியா இல்லியா, ஒரு நாளு ஒன்னியும் வெட்டித் தொங்கவுட்றேன் பாரு" என்று அவன் நாய்களைப் பார்த்துக் கத்துவதைத் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. மாதா மாதம் பௌர்ணமிக்குக் கிரிவலம் போக ஆரம்பித்த பிறகு அருணாதேவி கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். விட்டவர்களுக்குத்தான் நாற்றம் பெரிதாகத் தெரியும். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்தபடி அந்தக் கடையைத் தாண்டுவது அவள் வழக்கம். ஆக, அவனுடைய குரலைத்தான் அவள் அறிவாள். கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"கத்தி இருக்குது, கோவம் இருக்குது, வெட்டறேன்னு வாயாலயே சொல்லியிருக்கான். வேற யாரு?" என்றாள்.

"அவன் கோழி வெட்டறவன். நாயை வெட்டுனானான்னு நீ பார்த்தியா?" என்றார் சகாதேவன்.

பார்க்கவில்லை. அதனால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மருந்து போடலாம் என்றால் பொரியும் கைக்கு அகப்படவில்லை. ஆதாரம் இல்லாமல் வரும் மனுக்கள் என்ன கதியாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஆதாரம் தானாகவே வந்து நின்றது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால், ஒரு கையில் சாக்கும் மறு கையில் சுருக்குப் போட்ட கயிறுமாக, குமரேசன் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு நாலடி முன்னால் பொரி. அருணாதேவி போனை எடுத்து மூன்று படம் பிடித்தாள். அப்புறம்தான் கத்தினாள். பொரி முள்வேலிக்கு அடியில் நுழைந்து ஓடிப்போயிற்று. குமரேசன் திரும்பிப் பார்த்து, "மேடம்" என்று என்னவோ சொல்ல வந்தான். அவள் கேட்கவில்லை. பாதி அறுத்ததை முடித்துவிட வந்திருக்கிறான் பாவி என்றே நினைத்தாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, 'சிவசக்தி நகர் குடும்பம்' வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டு, வாயில்லாத ஜீவனின் கழுத்தை அறுத்தவர் இவர்தான் என்று எழுதினாள். இன்னொன்று, காவல் நிலையத்துக்கு நேரில் போய் மனு கொடுத்தாள். எதிர்மனுதாரர்: குமரேசன், கோழிக்கறிக் கடை, சிவசக்தி நகர். தேதி, கையெழுத்து, இணைப்பு: புகைப்படம் மூன்று. ஏட்டு ஜோதியம்மாள் அதை வாங்கிப் படித்து, "மனுன்னா இப்டி இருக்கணும்" என்று பாராட்டி ரசீது கொடுத்தாள். அருணாதேவிக்குப் பெருமையாகவே இருந்தது. இத்தனை பேருக்கு மத்தியில் துணிந்து ஒருத்தி எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் குமரேசன் கடை முன்னால் பைக் நிறுத்த இடம் இருக்காது. அன்றைக்குப் பத்து மணிக்கும் ஒரு ஆள் இல்லை. குரூப்பில் படத்துக்குக் கீழே எழுபது பேர் காறித் துப்பியிருந்தார்கள். பாதிப் பேர் போன வாரம் வரை அவனிடம் லெக் பீஸ் கேட்டு வாங்கியவர்கள். கூண்டு நிறையக் கோழிகள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியான தண்டனை என்று நினைத்தபடி அருணாதேவி அந்த வழியாகவே இரண்டு தடவை போய்வந்தாள்.

பொரியைத்தான் காணோம். நாள் முழுக்கத் தேடினாள். விலங்குகள் காப்பகத்துக்குப் போன் செய்தபோது, "நாய் எங்க இருக்குன்னு மட்டும் பார்த்து வைங்க, காலைல வண்டி வந்துடும்" என்றார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் தேடப் போனவளுக்கு, பொரி முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனையில் தலையைத் தரையில் வைத்துப் படுத்திருப்பது தெரிந்தது. கூப்பிட்டதற்கு வால் நுனி மட்டும் அசைந்தது. வலை கொண்டுவந்த இரண்டு பேருக்கு வலையே தேவைப்படவில்லை. கையாலேயே தூக்கி வண்டியில் வைத்தார்கள். அருணாதேவி ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னாள். எதிர்முனையில் இருந்த சூப்பரின்டெண்டெண்ட், "திங்கட்கிழமையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

காப்பகத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கவியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பொரிக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு, மெஷினால் கழுத்து ரோமத்தை வழித்தாள். அருணாதேவி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, போலீசில் கொடுத்த மனுவைப் பற்றி, குமரேசனைப் பற்றி, அவன் கத்தியைப் பற்றி எல்லாம் நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உள்ள வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டாள். "இது கத்தி இல்லைங்க."

அருணாதேவி உள்ளே போனாள்.

"கத்தி வெட்டுனா ஒரு பக்கம் ஆழமா இருக்கும், ஒரு பக்கம் மேலாப்ல இருக்கும். இது சுத்தி வர ஒரே ஆழம். உள்ள ஏதோ இருக்குது பாருங்க." இடுக்கியை உள்ளே விட்டு, மெல்ல மெல்ல இழுத்தாள். சதைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கயிறு வந்தது. கத்தரியால் வெட்டி முழுவதையும் உருவி எஃகுத் தட்டில் போட்டாள். கயிற்றோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்று தட்டில் விழுந்து டக்கென்று சத்தம் கேட்டது. நர்ஸ் அதைக் கழுவினாள். சின்னதாக ஒரு சோழி.

அருணாதேவிக்கு அந்தச் சோழியைத் தெரியும்.

மாட்டுப் பொங்கல். அவள் பிறந்த வீட்டில் ஆறு மாடு. பொங்கலன்று மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்து, பழைய கயிறையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு மாற்றுவார்கள். கன்றுக்குட்டிகளுக்குக் கண் படாமல் இருக்கக் கறுப்புக் கயிற்றில் சோழி கோத்துக் கட்டுவார்கள். வேங்கிக்காலில் வீடு கட்டி வந்த பிறகு அவளுக்கு மாட்டுப் பொங்கல் என்றாலே என்ன செய்வது என்று கை ஓடாது. இந்த வருஷம் பொரி இருந்தது. மூன்று மாசக் குட்டி, பஞ்சு மாதிரி, தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கொஞ்சிவிட்டுப் போகும் அழகு. குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கிரிவலப் பாதையில் வாங்கி வைத்திருந்த கறுப்புக் கயிற்றில் சோழி கோத்து, இரண்டு விரல் நுழையும்படி லூசாகத்தான் கட்டினாள். அவிழக் கூடாது என்று மூன்று முடிச்சு. நல்ல நைலான் கயிறு. மழைக்கு மக்காது, இழுத்தாலும் அறாது.

பத்தே நாளில் சடை ரோமம் கயிறை மூடிவிட்டது. அவளும் மறந்துவிட்டாள். ஊரில் அப்பா தினமும் கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுப்பார். கயிறு இறுகினால் கைக்குத் தெரியும், தளர்த்திவிடுவார். பொரிக்கு அவள் தினமும் சோறு வைத்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை. நாய் வளர்ந்தது. கயிறு வளரவில்லை.

"மாசத்துக்கு ரெண்டு மூணாவது இப்டி வருதுங்க" என்று டாக்டர் வேலையை நிறுத்தாமல் பேசினாள். "நாய்க்குட்டி, கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டிகூட. கொடுமைன்னா கல்லால அடிக்கிறதுன்னுதான் நினைக்கிறாங்க. ஆசையாத்தான் கட்டறாங்க, அப்பறம் பாக்கறதில்ல. கட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் அருணாதேவி.

வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பரவால்ல. மூச்சுக்குழாய்க்கு ஒண்ணும் ஆகல. புழுவெல்லாம் எடுத்துட்டா பொழைச்சிக்கும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கஷ்டம்."

வெளியே வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பிழைத்துக்கொள்ளும் என்ற வார்த்தையைக் கேட்டு முதலில் வந்தது அழுகை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள் நினைவுக்கு வந்தான்.

போன் அடித்தது. ஏட்டு ஜோதியம்மாள். "மேடம், அந்தக் கறிக்கடைக்காரரை விசாரணைக்குக் கூட்டியாந்து உட்கார வெச்சிருக்கோம். நான் செய்யலங்கறாரு. நீங்க வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டீங்கன்னா எஃப்ஐஆர் போட்டுடலாம்."

"வரேங்க" என்று போனை வைத்தாள்.

இப்போது அவள் என்ன செய்தாலும் கேட்பார் இல்லை. கயிறு எஃகுத் தட்டில் கிடக்கிறது. சாயங்காலம் குப்பைக்குப் போய்விடும். கயிறு கட்டியதைப் பார்த்தவர் சகாதேவன் ஒருத்தர்தான், அவருக்கு நேற்றுச் சாப்பிட்ட குழம்பே நினைவிருக்காது. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஏழை ஆள், பாவம் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். குமரேசனும் தப்பிப்பான், அவளுக்கும் நல்ல பெயர், பெரிய மனசு என்று குரூப்பில் நாலு பேர் கும்பிடு போடுவார்கள். இந்த யோசனை அவளுக்கு உண்மையாகவே வந்தது. வந்ததோடு நில்லாமல், சொல்ல வேண்டிய வாக்கியங்களையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தது. ஆனால் அப்படி விட்டால் நாயை அறுத்தவன் என்ற பெயர் அவனை விட்டுப் போகாது. அறுத்தவனை மன்னித்தவள் என்ற பெயர் அவளுக்கு வரும். அதை நினைத்ததும் அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். "டாக்டரம்மா, அந்தக் கயிறை ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. நான்தான் கட்டுனேன். மாட்டுப் பொங்கலுக்கு."

டாக்டர் கவியா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று அருணாதேவி காத்திருந்தாள். கவரை எடுத்து அவளே கயிறைப் போட்டு, சோழியையும் போட்டு, காயத்தைப் பற்றி ஒரு சீட்டும் எழுதி வைத்து, நீட்டினாள். "இதச் சொல்றவங்க கம்மிங்க" என்று மட்டும் சொன்னாள்.

காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. குமரேசன் பெஞ்சின் ஓரத்தில், காலைச் சேர்த்து வைத்து, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வேட்டி, வெள்ளைச் சட்டை. கறிக் கறை இல்லாத சட்டையில் அவள் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மேடம், நாயி கெடைச்சிதா?" என்றான். "பொழைச்சிச்சா?"

தன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னவெல்லாமோ தயார் செய்துகொண்டு வந்த அருணாதேவி தலையை மட்டும் ஆட்டினாள். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கி, மலை இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

அவள் ஏட்டம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள். இருபத்தாறு வருஷப் பழக்கம், எழுத்து கோணவில்லை. எழுதியதையும் கவரையும் மேஜை மேல் வைத்தாள்.

ஜோதியம்மாள் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். "இன்னா மேடம் இது. மனுதாரர்னு போட்ட எடத்துலயும் உங்க பேரு, எதிர்மனுதாரர்லயும் உங்க பேரு. மாத்தி எழுதிட்டீங்க."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் அருணாதேவி. "அந்த நாய்க்குக் கயிறு கட்டுனது நான். கழுத்தை அறுத்தது அந்தக் கயிறுதான். டாக்டர் சீட்டு அதுல இருக்குது. இவரு அதைத் தொடவே இல்ல. எனக்கு என்னா நடவடிக்கை எடுக்கணுமோ எடுங்க, இவர விட்ருங்க."

நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பேனாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டம்மா கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "எங்க வூட்ல ஒரு கெடாக்குட்டி இருக்குது. போன மாசந்தான் கட்டுனேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கயிறைத் தளர்த்தச் சொல்லி வீட்டில் யாரையோ அவள் விரட்டுவது உள்ளே வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தவள் அதிகாரக் குரலுக்கு மாறினாள். "தெரியாம செஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க, வைத்தியமும் பாக்கறீங்க. இன்ஸ்பெக்டரு வந்ததும் சொல்லி முடிச்சி வெக்கிறேன். ஆனா ஒண்ணு மேடம், இவருகிட்ட நீங்கதான் பேசிக்கணும். அதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்ல."

வாசலில் வேப்பமரத்து நிழலில் ஸ்கூட்டி நின்றது. அருணாதேவி பேசினாள். மன்னித்துவிடு என்று நேராகவே கேட்டாள். குமரேசன் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான்.

"பதினஞ்சு நாளா எனக்குத் தெரியும் மேடம். எலும்பு போட்டா மோந்துட்டுப் போயிடுது, தோலு போட்டாத்தான் முழுங்குது. கிட்டப் போனா நாத்தம். ஒங்ககிட்ட சொல்லலாம்னு ரெண்டு தபா கூப்ட்டேன். நீங்க மூக்கப் பொத்திக்கினு போயிட்டீங்க. அப்பறம்தான் நானே புடிச்சி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னு சாக்கு எடுத்துனு வந்தேன்."

"அவ்ளோ வெட்டறேன் வெட்டறேன்னு கத்துவியேப்பா."

"கத்துவேன். வெட்டறது என் தொழிலு. நான் வெட்டியிருந்தா அது ஒங்க வாசல் வரிக்கும் நடந்து வந்திருக்குமா?"

அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"நேத்து யாவாரம் போனது போவட்டும். எம் பொண்டாட்டி கேட்டா மேடம். சோத்தப் போட்டுட்டு, நெஜத்தச் சொல்லு, நீதான் அறுத்தியான்னு கேட்டா. பதினாறு வருசம் கூட இருக்கறவ. அவளும் அந்த குரூப்புலதான் இருக்கறா."

அருணாதேவியின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஸ்கூட்டி சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, போனை எடுத்து அங்கேயே எழுதினாள். மாட்டுப் பொங்கலையும் கயிறையும் மூன்று முடிச்சையும் எழுதினாள். டாக்டரிடம் முதலில் பொய் சொன்னதையும் எழுதினாள். குமரேசன் சாக்கோடு போனது எதற்கென்று எழுதினாள். உங்கள் வீட்டு நாய், கன்று, ஆடு எதுவானாலும் இப்போதே கழுத்தைத் தடவிப் பாருங்கள் என்று எழுதினாள். கயிற்றைப் படம் பிடித்துச் சேர்த்தாள். அனுப்புவதற்கு முன்னால் அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவன், "கடேசில ஒரு வரி போடுங்க" என்றான்.

"என்னா போடட்டும்?"

"நாளிக்குக் கடை உண்டுன்னு."

போட்டாள். அனுப்பினாள். ஒரு லாரி போயிற்று, ஒரு டவுன் பஸ் போயிற்று. குமரேசனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். "ம்" என்றான். "பொழைச்சிச்சாம்" என்றான். அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "அட, அழுவாதம்மே. வரேன்" என்றான். போனைப் பையில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அருணாதேவி வண்டியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தாள். "ஏறிக்க தம்பி. கடைகிட்ட விடட்டுமா, வூட்ல விடட்டுமா?"

குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"அந்த ஆஸ்பத்திரி எவ்ளோ நேரம் வரிக்கும் தெறந்திருக்கும் யக்கா?" என்றான். "ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்."